பத்தாவது தகர வீடு

துருக்கியில் பூமி குலுங்கிய செய்தி வந்த மறுநாளே, அங்கிருந்து வெகுதூரத்தில், வேறொரு நாட்டில், பெட்ரின்யா நகரத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் தீயணைப்பு நிலையக் கூடம் மூட்டைகளால் நிரம்பிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே அடியை வாங்கிப் பிழைத்தவர்கள் அவர்கள். கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எதைக் கொடுப்பது என்று சொல்லத்தான் நேவென்கா வேண்டியிருந்தது.

நேவென்கா ஐம்பத்தெட்டு வயது விதவை. மூட்டை பிரிப்பதில் மகா கறார். தங்கள் ஊர் இடிந்தபோது வந்த நிவாரணப் பொதிகளில் ஒற்றைச் செருப்பும் நீச்சல் உடையும் கிடந்ததை அவள் மறக்கவில்லை. ஜனவரிப் பனியில் நீச்சல் உடை! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"இதென்ன ஸோர்கா?" பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த ஜரிகை கவுனைத் தூக்கிக் காட்டினாள். "கூடாரத்துல கல்யாணமா நடக்குது? உனக்கு வேண்டாததைக் கொட்டாதே. அவங்களுக்கு வேண்டியதைக் கொடு."

ஸோர்காவுக்குச் சுருக்கென்றது. "எனக்குப் புத்தி சொல்றீங்களாக்கா? புது வீட்டைப் பூட்டி வச்சிட்டு இன்னும் தகரப் பெட்டிக்குள்ள படுக்கிறவங்க நீங்கதானே?"

கூடத்தில் இருந்தவர்கள் மூட்டைகளுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

வீடிழந்தவர்களுக்கெல்லாம் அரசாங்கம் ஆளுக்கொரு தகரக் கன்டெய்னர் வீடு கொடுத்திருந்தது. சொந்த வீடு கட்டி முடிந்ததும் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். நேவென்காவின் வீடும் போன கோடையிலேயே முடிந்துவிட்டது. ஆனால் பழைய வீட்டுப் புகைபோக்கி கூரையைப் பிளந்துகொண்டு, அப்போதுதான் அவள் எழுந்துபோன கட்டிலின்மேல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். புது வீட்டுக்குள் போவாள், ஜன்னலைத் துடைப்பாள், பத்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவாள். நிலம் லேசாக அதிர்ந்தாலும் தகரப் பெட்டிக்குள் ஓடி உட்கார்ந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

அன்று மாலை அவள் கொழுந்தன் ஸ்லாவ்கோ ஒரு தாளோடு வந்தான். தீயணைப்புப் படைக்கு அவன்தான் தலைவன்.

"அண்ணி, ஒரு சிக்கல். பத்து காலி கன்டெய்னர் அனுப்புறோம்னு சொல்லியிருந்தோம். ஒண்ணுக்குத் தரையெல்லாம் இத்துப்போச்சு. ஒன்பதுதான் தேறும். அங்கேருந்து பத்துக் குடும்பத்தோட பேரு வந்தாச்சு. ஒரு பேரை அடிச்சாகணும், எனக்குக் கை வரல. நீங்கதானே கறார், நீங்களே அடிங்க."

தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா, அந்தக் கள்ளன் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

நேவென்கா பேனாவை வாங்கினாள். வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பேர் என்று எழுதியிருந்தது. ஏழு பேர், நான்கு பேர், ஐந்து பேர். கடைசியில் எமினே என்று ஒரு பெண், ஒரே ஆள். கறாராகப் பார்த்தால் அடிக்க வேண்டியது அதைத்தான். நாமும் இப்படித்தான் ஒரு தாளில் ஒற்றை ஆளாகக் கிடந்திருப்போம், யாரோ அடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. அதை மறைக்கத் தாளை வெடுக்கென்று நீட்டினாள்.

"ஒருத்தரையும் அடிக்க வேண்டாம். நாளைக் காலைல கிரேனை என் வீட்டுக்கு அனுப்பு."

"அப்புறம் நீங்க எங்க படுப்பீங்க?"

"மாட்டுக் கொட்டகை இருக்கு. உனக்கென்ன?"

காலையில் ஸ்லாவ்கோ ஆட்களோடு வந்தபோது, அவள் கன்டெய்னரின் உள்சுவரில் கொட்டை கொட்டையாக எழுதிக்கொண்டிருந்தாள். ஹீட்டரையும் கெட்டிலையும் சேர்த்துப் போடாதே, கரண்ட் போய்விடும். விடிகாலையில் கூரை சொட்டும், பயப்படாதே, துணி வைத்துத் துடை.

"அண்ணி, எமினேக்கு நம்ம பாஷை தெரியுமா?"

நேவென்கா அசடு வழிந்தாள். பிறகு எல்லாவற்றையும் படமாகப் போட்டாள். ஹீட்டர் பன்றிக்குட்டி மாதிரி வந்திருந்தது. ஸ்லாவ்கோ சிரித்ததற்கு ஒரு அடி வாங்கினான்.

கிரேன் சங்கிலி மாட்டும்போது நின்று பார்க்க அவளால் முடியவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போடலாம் என்று புது வீட்டுக்குள் போனாள். அடுப்பில் பாத்திரம் வைத்த நேரத்தில் தரை உறுமியது. கோப்பைகள் கிலுகிலுத்தன. ஒரே ஓட்டமாக வெளியே பாய்ந்தாள்.

ஓடி ஒளிய அங்கே ஒன்றும் இல்லை. தகரப் பெட்டி இருந்த இடத்தில் வெளிறிய புல் நீள்சதுரமாகக் கிடந்தது. கன்டெய்னர் தலைக்கு மேலே சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்கள் விலகி நின்று தரையைப் பார்த்தார்கள். அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். புகைபோக்கி நேராக நின்றது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"உள்ள போகாதீங்க அண்ணி, கொஞ்சம் பொறுங்க," என்றான் ஸ்லாவ்கோ.

"காப்பி பொங்குதுடா."

வாசலில் நின்று புகைபோக்கியை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே போனாள். அடுப்பைத் துடைத்து, பாத்திரத்தை மறுபடி வைத்து, ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"வெளியவே நிக்காம எல்லாரும் உள்ள வந்து உக்காந்து குடிங்க. வீடு தாங்கும்."