பட்டைத் தண்ணி

தாராவியில் அந்தச் சந்து வீடுகளுக்கு மாடிப்படி கிடையாது. மாடி அறையின் தளத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, அதற்கு எட்டுப் படி இரும்பு ஏணி, அவ்வளவுதான். சித்திரையில் அந்த ஏணியில் விழுந்து முட்டி பிசகிய செண்பகவல்லியை நாலு பேர் தூக்கி மேலே விட்டார்கள். முட்டி சரியாகிவிட்டது. ஆனால் உட்கார்ந்தே தின்ற ஆறு மாதத்தில் உடம்பு ஊதிப்போய், ஓட்டை அவளை விடமாட்டேன் என்றது.

தினமும் விடிந்ததும் புருஷன் நம்பிராஜன் மூடிபோட்ட வாளியோடு கீழே இறங்குவான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

மாட்டுங்காவில் அகிலாண்டம் மாமி வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை. தீபாவளி வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் என்று மாமி சொல்லிவிட்டாள். அவளேதான் போனில் ஒரு வழியும் சொன்னாள்: "வெந்நீர்ல ஒரு சிட்டிகை பட்டைப்பொடி போட்டுக் குடிச்சுப் பாரேன்டி. சர்க்கரைக்கும் ஈரல் கொழுப்புக்கும் நல்லதுன்னு என் பொண்ணு ஷ்ருதி நெட்ல படிச்சாளாம்."

விழுவதற்கு முன்பு எடுத்த ஸ்கேனிலேயே ஈரலில் கொழுப்பு என்று இருந்தது. நம்பிராஜனுக்கோ மசாலா மில்லில் மூட்டை தூக்கும் வேலை. தரையில் சிந்தியதைத் தொழிலாளிகள் அள்ளிக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். பட்டைப்பொடி பொட்டலம் பொட்டலமாக வீட்டுக்கு வந்தது. சிட்டிகைக்குச் சிட்டிகைதானே குறையும் என்று செண்பகவல்லி கரண்டியால் போட்டாள். மூன்று வேளை, மூன்று மாதம்.

புரட்டாசியில் தெருமுனை கிளினிக் நர்ஸ் இசக்கிசெல்வி வந்து ரத்தம் எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட்டோடு ஏறிவந்தாள்.

"சித்தி, ஈரல் முன்னைக்கு மோசமாயிருக்கு. புதுசா என்ன சாப்பிடுதிய?"

செண்பகவல்லி பட்டைப்பொடி டப்பாவைக் காட்டினாள்.

"எவ்வளவு?"

"கரண்டிதான்."

"அரே, மில்லுல அரைக்கது மலிவான தடிச்ச பட்டையில்லா. சமையலுக்குன்னா பரவால்ல. கரண்டி கரண்டியா குடிச்சா சில பேருக்கு ஈரலையே கெடுக்கும். இத உடனே நிறுத்துங்க. டாக்டர் பார்த்தாகணும்."

"மாமி பொய்யா சொல்லுவாக?"

"பொய்யில்ல. கொஞ்சமா எடுத்தா சர்க்கரைக்குக் கொஞ்சம் உதவலாம்னு சொல்லுதாங்க. உறுதியா சொல்ல முடியல. அதுவே கொழுப்பக் கரைச்சிராது. தீனியக் குறைக்கணும், நடக்கணும்."

"எங்கன நடக்க? கீழ இறங்கினாத்தான் நடக்க முடியும். நடந்து மெலிஞ்சாத்தான் இறங்க முடியும்."

அந்த அறையில் ஆறு எட்டு வைத்தால் சுவர். இசக்கிசெல்வி டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

சாயங்காலம் நம்பிராஜன் இடுப்பில் புதுப் பொட்டலத்தோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ நாந்தான் உனக்குக் கேடு கொண்டாந்தனா?"

"கொண்டாந்தது நீங்க. குடிச்சது நான்லா. எந்திரிங்க, கீழ போய் ஏணியப் பிடிங்க."

"ஏட்டி, விழுந்திராத. விழுந்தா நாந்தான் மெத்தை."

"நீங்க மெத்தையா? பாய்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காலைக் கீழே விட்டாள். ஒரு படி. இரண்டு படி. இடுப்பு ஓட்டையின் விளிம்பில் இறுகி நின்றது. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தாள். நகரவில்லை. கீழே அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் கம்பியைப் பிடித்துத் திரும்ப ஏறினாள்.

"போதும்ளா."

"பொறுங்க. நடக்கத்தான சொன்னா."

மறுபடி இரண்டு படி இறங்கினாள், ஏறினாள். சட்டைப்பையிலிருந்த போனில் மணி பார்த்து அரைமணி நேரம் அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தீபாவளிக்கு இன்னும் பத்தொன்பது நாள். மூன்றாவது படிக்கு ஓட்டை அவளை விடவில்லை.