நிழல் பார்த்துப் போட்ட கூடாரம்

ஊரில் பாதி வீட்டைக் குளிரவைக்கிற ஏசி மெக்கானிக், கோடையில் தன் பெண்டாட்டி பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப்போனதே கிடையாது. கோடைதானே அவருக்கு அறுவடைக் காலம்! இந்த வருடம் பெரியவளும் சின்னவளும் ஒற்றைக் காலில் நின்றதால், கைபேசியை அணைத்துப் பையின் அடியில் போட்டுவிட்டு, தீம் பார்க்குக்குக் கிளம்பினார். பார்க்கை ஒட்டிய மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கிக்கொள்ளலாம்.

கூடாரத்துக்கு இடம் பிடித்ததில் மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற குடும்பங்கள் எல்லாம் கழிப்பறைக்குப் பக்கத்தில், வெட்டவெளியில் வரிசையாகக் கிடந்தன. இவர் மட்டும் மைதானத்தின் கடைக்கோடியில் ஒரு மரத்தடியைப் பிடித்தார்.

"நிழலும் ஆச்சு, நாத்தமும் இல்ல. தலைக்குள்ள கொஞ்சம் இருக்கணும்ல?" என்றார்.

மனைவி கழிப்பறை இருந்த திசையை ஒருதரம் பார்த்தாள்.

மறுநாள் காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு ரைடுக்கும் அனுமார் வால் மாதிரி வரிசை. பெண்கள் இருவரும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் காலிபண்ணினார்கள். அம்மா மட்டும் பாட்டிலை வாங்கி உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்கம்மா ஒட்டகம்டி," என்றார் அவர். "ஒருவாய் குடிச்சா ஒருநாள் தாங்கும்."

அது அந்த வீட்டின் பழைய வேடிக்கை. அவள் வேலைக்குப் போவது ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டுகிற வேலை. காலையில் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். யார் வேண்டுமானாலும் கேலி செய்யலாம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஏன் குடிப்பதில்லை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கட்டின புருஷன்கூடக் கேட்டதில்லை.

மத்தியானம் பெரிய ராட்டினத்தின் வரிசையில், தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றார்கள். அனல் மேலிருந்தும் அடித்தது, கீழிருந்தும் அடித்தது. எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அவள் முகம் மட்டும் சிவந்து, காய்ந்து இருந்தது.

"பாருங்கடி, நாமெல்லாம் தொப்பலா நனைஞ்சு நிக்கிறோம். ஒட்டகத்துக்கு ஒரு சொட்டு வேர்வை இல்ல!"

சொன்ன வாய் மூடவில்லை, மனதில் என்னவோ தைத்தது. எத்தனை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்: 'வெளியில குழாய்ல தண்ணி சொட்டுதான்னு பாருங்க. புழுக்கத்துல அது சொட்டலன்னா, மெஷின் சும்மா ஓடுது, குளிர்ச்சி பண்ணல.' கேலிச் சிரிப்போடு நீட்டிய கை அவள் கழுத்தில் பட்டதும், சுட்டுக்கொண்டதுபோல் பின்வாங்கியது.

"ஏய், என்ன பண்ணுது உனக்கு?"

அவள் அவரைப் பார்த்தாள். ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

"இல்ல சார், நான் பாத்ரூம் போகல சார்," என்றாள், ஜவுளிக்கடை சூப்பர்வைசர் எதிரில் நிற்பதுபோல. "காலையிலேர்ந்து ஒருவாட்டிகூடப் போகல. நீங்க சொன்னதிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல சார்."

அப்படியே சரிந்தாள். பெரியவள் "அம்மா!" என்று அலறினாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது ஒரு நொடிதான். பிறகு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையைப் பிளந்துகொண்டு ஓடினார். சின்னவள் அழுதுகொண்டே அம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் ஈரத்துணி போர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைத்து, கையில் டிரிப்ஸ் ஏற்றினாள். ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டாள்; ஊரிலிருந்து வந்து சேர நேரமாகும் என்றார்கள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டே கேட்டாள்:

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சாங்க? எப்ப பாத்ரூம் போனாங்க?"

அவருக்குத் தெரியவில்லை. அந்த மரத்தடி ஞாபகம் வந்தது. கடைக்கோடி மரத்தடி. ராத்திரி இருட்டில் அவ்வளவு தூரம் தனியாகப் போக பயந்து, காலையில் அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? இவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தார். பெண்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

வெகுநேரம் கழித்து அவள் மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்வை அரும்பியது. முதலில் கண்டது அவர்தான். துடைக்கப்போன பெரியவளின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருக்கட்டும்டி," என்றார். "இருக்கட்டும்."

அவள் கண்ணைத் திறந்தாள். இந்த முறை அவரைத்தான் பார்த்தாள்.

"பிள்ளைங்க ராட்டினத்துல போனாங்களாங்க?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியாது. நர்ஸ் பார்த்துவிட்டு, இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம் என்றாள். அவர் அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, டம்ளரை வாயருகே கொண்டுபோனார். அவள் வாயைத் திறக்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"இங்க பாத்ரூம் எங்கங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பக்கத்துலதான் இருக்கு," என்றார். "நான் கூட வரேன். எத்தனை வாட்டின்னாலும் வரேன். நீ குடி."