பேச்சியம்மாள் போர்டு

உயிரோடு இருந்தவரை பேச்சியம்மாளைக் கொச்சி மட்டாஞ்சேரியில் யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. செத்த பிறகு ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக சிக்னல் முக்கில் வந்து நின்றாள். பள்ளுருத்திக்குப் போகிற பஸ், ஜூ டவுனுக்கு டூரிஸ்டுகளை ஏற்றிவருகிற வேன், மிளகு மூட்டை சுமந்த மினி லாரி என்று எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் ராமருக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

கோபம் அவள்மேல் இல்லை. அவளை எதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதில்தான் கோபம்.

அந்த முக்கில் முன்பு 'ஃப்ரீ லெஃப்ட்' என்று ஒரு பலகை இருந்தது. சிக்னல் சிவப்பாக இருந்தாலும் இடப்பக்கம் திரும்புகிறவன் நிற்க வேண்டாம், போய்க்கொண்டே இருக்கலாம் என்று அர்த்தம். ஓசி என்றால் நம் ஜனங்களைக் கேட்க வேண்டுமா? ரோட்டையே ஓசியில் வாங்கிவிட்ட மாதிரி, மிதித்த காலை எடுக்காமலேயே திரும்புவார்கள். அதே நேரத்தில்தான் நடந்து கடப்பவர்களுக்குப் பச்சை மனிதன் எரிவான். அவனை நம்பித்தான் பேச்சியம்மாள் காலெடுத்து வைத்தாள். ஜூ டவுனில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை பெருக்கி, பாத்திரம் கழுவிவிட்டு வீடு திரும்புகிற வழி. ஒரு டிப்பர் திரும்பியது. இறங்கிவந்த டிரைவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஃப்ரீ லெஃப்ட் அல்லே?" கேஸ் எழுத வந்தவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ராமர் கொத்தனார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, பாதி ஆயுசை இந்த ஊர்ச் சுவர்களைப் பூசியே கழித்தவர். மலையாளம் பேசுவார், எழுத வராது. மகள் செல்வலட்சுமிக்கு நேர் எதிர். தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிப்பாள், மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அவளை மனு எழுதவைத்து எடுத்துக்கொண்டு காக்கநாட்டுக் கலெக்டரேட்டுக்கு நடையாய் நடந்தார். கூலி போனது, செருப்பு தேய்ந்தது. கடைசியில் யாரோ ஒரு அதிகாரிக்கு மனசு வந்து, ஆட்களோடு வந்து முக்கை அளந்து பார்த்தார். பலகை போனது. இடப்பக்கம் திரும்புவதற்கென்று தனியாக ஒரு அம்பு விளக்கு வந்தது. ஜனங்கள் கடக்கும்போது அந்த அம்பு சிவப்பாக எரியும். நடைபாதையின் மூலையையும் ரோட்டுக்குள் நீட்டிக் கல் கட்டினார்கள், வண்டிகள் வீசித் திரும்ப முடியாதபடிக்கு.

முதல் நாள் எதிர்ச்சாயாக்கடையில் உட்கார்ந்து ராமர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு டிப்பர் வந்தது. சிவப்பு அம்பைப் பார்த்து நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் இரண்டு பெண்கள் மீன் பையோடு கதை பேசிக்கொண்டே நிதானமாகக் கடந்து போனார்கள். இதைப் போன வருஷமே செய்திருந்தால் அவளும் இப்படித்தான் வீட்டுக்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

விளக்கு வந்தால் விளக்கைக் கொண்டுவந்தவர்களும் வருவார்கள் அல்லவா? வந்தார்கள். ஒரு நாள் காலையில் ஃப்ளெக்ஸ் போர்டு முளைத்திருந்தது. வலப்பக்கம் கவுன்சிலர், கைகூப்பிக்கொண்டு. இடப்பக்கம் பேச்சியம்மாள், செல்வலட்சுமியின் சடங்கு போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த முகம். மேலே பெரிது பெரிதாக மலையாளம். அடியில், அந்த முக்கில் முதன்முதலாக, ஒரு வரி தமிழ்: 'எங்கள் சகோதரியின் உயிர்தியாகம் வீண்போகவில்லை.' ஒற்று இல்லை. அது போகட்டும். தியாகமாம்! அவள் வீட்டுக்குப் போய் உலை வைக்கப் போனவள்.

போர்டை நட்ட இடம்தான் கொடுமை. வண்டிகள் நிற்கிற கோட்டுக்குப் பக்கத்தில், புது விளக்குக் கம்பத்துக்கு நேர் முன்னால். நடு ரோட்டில் வருகிறவனுக்கு அம்பு நன்றாகத் தெரியும். அவன் நேரே போகிறவன், அவனுக்கு அது தேவையே இல்லை. இடப்பக்கம் ஒட்டிவந்து திரும்புகிறவனுக்குத் தெரிவது பேச்சியம்மாளின் நெற்றி மட்டும். வண்டிகள் பழையபடி நிற்காமல் திரும்ப ஆரம்பித்தன.

போர்டு வைத்தவன் சுதீர், கவுன்சிலரின் கையாள். ராமர் அவனைத் தேடிப் போனார்.

"சேட்டா, போர்டு இருக்கட்டும். கம்பத்துக்கு அங்கிட்டு கொஞ்சம் தள்ளி வைங்க. லைட்டு மறைக்குது."

"அவிட வெச்சா யாரு காணும் அண்ணாச்சி?" சுதீர் சிரித்தான். "இது நிங்ஙளுக்கு வேண்டியல்லே வெச்சது? ஒரு தமிழ் சேச்சிக்கு இத்ர பெரிய போர்டு கொச்சியில வேற எவிடயுண்டு?"

அடுத்து சுப்புராஜிடம் போனார். தமிழர்கள் குடியிருக்கிற காலனியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், தமிழ்ச் சங்கத் தலைவர். நம் ஆள், நம் பாஷை, சொன்னால் புரியும் என்று ஒரு நம்பிக்கை.

"ஏ ராமரு, உனக்கென்ன கிறுக்கா?" என்றார் சுப்புராஜ். "நம்ம ஆளுக இந்த ஊருல சாக்கட அள்ளுனோம், வெள்ளையடிச்சோம், மூட்ட தூக்குனோம். ஒருத்தன் மூஞ்சியாவது ஒரு செவுத்துல வந்திருக்கா? இப்பத்தான் நம்ம பொம்பள ஒருத்தி ரோட்டுல நிக்கா. அதப் போயி எடுக்கச் சொல்லுதியே!"

"செத்துல்ல அண்ணே நிக்கா."

"செத்தா என்ன, நிக்கால்ல?"

ராமர் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டிலாவது பேசலாம் என்று பார்த்தால் செல்வலட்சுமியும் அந்தப் பக்கம்தான். ஜூ டவுனில் பழம்பொருள் விற்கிற கடையில் அவளுக்கு வேலை. தினமும் அதே முக்கில் பஸ் இறங்கி, அதே இடத்தில்தான் கடக்க வேண்டும்.

"டெய்லி பஸ்ஸுல இருந்து அம்மாவப் பாக்கேன்ப்பா. வீட்டு போட்டோல அம்மாவுக்குக் கண்ணே சரியாத் தெரியாது. அதுல நல்லாத் தெரியுது."

"நீ கடக்கதும் அங்கனதான தாயி."

"நான் பாத்துதான் வருவேன்."

"ஒங்கம்மாவும் பாத்துத்தான் வந்தா."

அவள் முகம் சுருங்கிப்போனதைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது பொய்யில்லையே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டப்பகலில், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு முக்குக்குப் போனார். போர்டைக் கழற்றினால்தானே குற்றம், அதில் ஒரு ஜன்னல் வைத்தால் என்ன என்று அந்தக் கொத்தனார் மூளை யோசித்திருந்தது. ஏறினார். விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்தார். சரியாக நெற்றி. கத்தியை வைத்தார். "கொஞ்சம் பொறுத்துக்க, பேச்சி" என்று முணுமுணுத்துக்கொண்டே சதுரமாக அறுத்தார். பொட்டு இருந்த இடம் வழியாகச் சிவப்பு அம்பு எரிந்தது. இறங்கி, இடப்பக்கம் ஒட்டித் தூரமாக நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்ப வந்த ஒரு மினி லாரி நின்றது. ரொம்ப நாளைக்குப் பிறகு ராமருக்குப் பசித்தது.

அவர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ வந்துவிட்டது. எவனோ எதிர்க்கடையிலிருந்து எடுத்திருக்கிறான். ஏணிமேல் ஒரு ஆள், ஒரு பெண்ணின் முகத்தில் கத்தியை இறக்குகிறான். விளக்கு படத்தில் இல்லை. 'செத்த மனைவியையும் விடாத புருஷன்' என்று மலையாளத்தில் தலைப்பு. காலனியில் ஒரு போன் பாக்கியில்லை.

சாயங்காலம் வந்த செல்வலட்சுமி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நெத்தியில கத்திய வச்சீங்களாப்பா?"

"லைட்டு அங்கதான் இருக்கு தாயி."

"எனக்குத் தெரியும். பாத்தவங்களுக்குத் தெரியுமா? கடையில சேச்சி கேக்காங்க, அச்சனும் அம்மயும் வழக்காயிருந்நோ, எப்பவும் சண்ட போடுவாங்களான்னு." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தச் சுவரும் ராமர் பூசியதுதான்.

மறுநாள் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். புகார் கொடுத்தவன் சுதீர். பக்கத்தில் சுப்புராஜ், அவமானப்பட்ட முகத்தோடு. ராமர் விளக்கைப் பற்றிச் சொன்னார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். எஸ்.ஐ. நல்ல மனுஷன்தான், நேரில் பார்த்துவிடலாம் என்று ஜீப்பை எடுத்தார். நடு ரோட்டில் நிறுத்தித் தலையை நீட்டிப் பார்த்தார்.

"லைட்டு நல்லா காணுன்னுண்டல்லோ?"

"இங்கருந்து தெரியும் சாரே. அந்த ஓரத்துக்கு வந்தா ஓட்ட வழியாத்தான்..."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஜீப் கிளம்பிவிட்டது.

ராஜி பேசினார்கள். கேஸ் வேண்டாம். புது போர்டு வரும். அதை ராமரே கட்ட வேண்டும், ஊர் பார்க்க. ஓணம் கழிந்ததும் எடுத்துவிடலாம் என்று சுப்புராஜ் காதோடு சொன்னார். கேஸ் என்றால் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட மாட்டார். மகள் முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை. ராமர் தலையை ஆட்டிவிட்டார். அதற்காக அவரை யாரும் திட்ட வேண்டியதில்லை; அந்த வேலையை அவரே செய்துகொண்டிருந்தார்.

புது போர்டு இன்னும் அகலம். அடியில் ஒரு வரி கூடியிருந்தது: 'நன்றியுடன், கணவர் ராமர், மகள் செல்வலட்சுமி.' சாரம் கட்டிப் பழகின கை, ஒழுங்காகத்தான் கட்டியது. அரைகுறையாகக் கட்டி, காற்றில் ரோட்டில் போகிறவன்மேல் விழுந்தால் அது வேறு பாவம். கீழே நின்று காலனிக்காரர்கள் கைதட்டினார்கள்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து நேரே முக்குக்கு வந்து நின்றார். மகள் பஸ்ஸைவிட்டு இறங்கினால் கையைப் பிடித்துக் கடத்திவிடுவார். "நான் என்ன சின்னப் பிள்ளையாப்பா?" என்று அவள் கையை உதறுவாள். உதறினாலும் பிடிப்பார். மற்றவர்களுக்கும் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திப் பார்த்தார். டிரைவர்கள் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு வீட்டில் கூரைக்கு கான்கிரீட் போட்டார்கள். கான்கிரீட்டைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. வானம் இருட்டிக்கொண்டு வந்ததில் மேஸ்திரி வேறு விரட்டிக்கொண்டிருந்தார். மகள் பஸ் இறங்குகிற நேரம் வந்தது, தாண்டியது. ராமர் போனை எடுத்துப் பார்த்தபோதுதான் அது அடித்தது. சுப்புராஜ்.

"ராமரு, சிக்னல்ல பஸ்ஸு திரும்புறப்ப ஆள அடிச்சிருச்சாம். உன் பிள்ள வந்துட்டாளாடே?"

மகளைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. காலில் சிமெண்டுப் பால் வழிய வழிய ஓடினார். வழியெல்லாம் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். கட்டினேனே, என் கையாலேயே கட்டினேனே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினார். எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனார். பஸ் பாதி திரும்பிய வாக்கில் நின்றது. டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து, "லைட்டு கண்டில்லா, சத்யமாயிட்டும் கண்டில்லா" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது ஒரு ஆண்பிள்ளை. மடித்துவிட்ட பேண்ட், சிமெண்டு காய்ந்த கால், நரைக்கத் தொடங்கிய தலை. வடக்கேயிருந்து கட்டட வேலைக்கு வந்த யாரோ. உயிர் இல்லை.

ராமர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

"நல்லவேளை" என்றார்.

மனசுக்குள் சொல்லவில்லை. வாய்விட்டே, மெதுவாக, மூச்சு திரும்பி வந்தவரைப் போலச் சொன்னார். உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி இறங்கியது. சொன்னது என்னவென்று காதில் விழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அப்பா!" ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் செல்வலட்சுமி நின்றுகொண்டிருந்தாள், முழுசாக. சுப்புராஜ் மூச்சிரைக்க வந்து தோளைப் பிடித்தார். "பயந்தே போயிட்டேன் ராமரு. நம்ம ஆளு இல்ல. வடக்கத்திப் பாயிதான்." அவரை அறைய வேண்டும்போல இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அறைவது?

செத்தவனின் தலைமாட்டில் அவனோடு வேலை செய்கிறவன் ஒருவன் மண்டியிட்டிருந்தான். சுற்றிலும் அத்தனை பேர்; போனில் கத்துகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், டிரைவரோடு சண்டை பிடிக்கிறவர்கள். அவர்களில் குனிந்து, அருகே வந்து, தணிந்த குரலில் ஒரு வார்த்தை சொன்னது ராமர் மட்டும்தான். மண்டியிட்டிருந்தவனுக்குத் தமிழ் தெரியாது. ஆறுதல் என்று நினைத்துக்கொண்டான். ராமரின் கையை இரண்டு கைகளாலும் பற்றி முகத்தில் அழுத்திக்கொண்டு கதறினான். ராமருக்குக் கையை உருவிக்கொள்ளத் தைரியம் வரவில்லை. சொன்னது என்னவென்று சொல்ல மொழியும் இல்லை.