பேர் போடாத சகோதரி

சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் சபையின் போதகர் நூலாசிரியர் ஆகிவிட்டார். நீதியாய் வாழ்வதையும் ஊழியம் செய்வதையும் பற்றிய கனத்த புத்தகம். பின்னட்டையில், கன்னத்தில் விரல் ஊன்றிய அவர் படம். இதுவரை அடுத்தவர்கள் எழுதிய நீதியை வாசித்துவந்த எங்கள் வெள்ளிக்கிழமைக் குழு, அன்று முதல் சொந்தச் சரக்குக்கு மாறியது.

ஆளுக்கொரு பிரதி இருந்தாலும், உரக்க வாசிப்பது எப்போதும் தையல்காரம்மாதான். போதகருக்கு அங்கி தைப்பவரும் அவரே. அவர் கணவர் கப்பலில் வேலை பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "அண்ணன் எப்பக்கா வர்றாரு?" என்று கேட்டால், "கப்பல் என்ன டவுன் பஸ்ஸா, கை காட்டுன எடத்துல நிக்க?" என்று சிரிப்பார்.

அன்றைய அதிகாரம், 'பிறர் இரகசியம் காத்தல்'. போதகர் தன் எழுத்தின் ருசியில் கண்மூடி அமர்ந்திருந்தார்.

"நம் சபையில் இடது கால் சற்றுத் தாங்கி நடக்கும் சகோதரி ஒருத்தி. எனக்கு அங்கிக்கு அளவெடுக்க வந்தபோது மனம் திறந்தாள். கணவன் கடலில் இருப்பதாக ஊருக்குச் சொல்கிறாள். உண்மையில் அவன்..."

குரல் நின்றது. எங்கள் கண்கள் நிற்கவில்லை. உண்மையில் அவன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். 'இதை என்னிடம் மட்டுமே சொன்னாள். இன்றுவரை நான் காத்துவருகிறேன்.'

போதகர் கண் திறந்தார். "பேரே போடலையேம்மா. இது ஒரு சாட்சி. நாலு பேருக்கு ஆசீர்வாதமா இருக்கட்டுமேன்னு..."

"பேரு ஒண்ணுதான் பாஸ்டர் மிச்சம் வச்சிருக்கீங்க."

"கர்த்தருக்குத் தெரியாததா?"

"அவருக்குத் தெரியும். அவரு யாருகிட்டயும் சொல்லலையே."

பிறகு தையல்காரம்மா விட்ட இடத்திலிருந்து அதிகாரம் முடியும்வரை, ஒரு காற்புள்ளி பிசகாமல் வாசித்தார். எழுந்து, புத்தகத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு நடந்தார். அவர் கால் தாங்குவதை நான் அன்றுதான் கவனித்தேன். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் செருப்பு மாட்டக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பிழையைத் திருத்துவதாகப் போதகர் ஜெபத்திலேயே வாக்களித்தார்.

இரண்டாம் பதிப்பில் அது வலது கால்.