பின்னால் நின்றவர்கள்

...எத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று கேட்டால் என்னவென்று பதில் சொல்வது, அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை, கணினி விற்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது, ஒருவர் பார்ப்பதற்கு ஓர் அளவு, நான்கு பேர் பார்ப்பதற்கு ஓர் அளவு என்று இருக்கும்தானே, ஆனாலும் சோபனாவுக்கு அது வெறும் அளவைக் கேட்கிற கேள்வியாகப் படவில்லை. தருமபுரி நாலு ரோட்டுக்கு அருகில், மாடியில் இருந்த அந்தக் கடையின் உரிமையாளர் குப்புராஜ், அவள் படியேறி வந்ததுமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "மொதல்ல உக்காருங்க மேடம், அரூர்ல இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருப்பீங்க" என்று சொல்லியிருந்தார், அது உண்மைதான், அதை அவர் எப்படிக் கண்டுகொண்டார், முகத்தில் அவ்வளவு களைப்பா தெரிகிறது... எதிரே மேசையில் இரண்டு திரைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. பதினைந்தரை அங்குல மடிக்கணினி ஒன்று, இருபத்து நான்கு அங்குலத் திரை வைத்த மேசைக்கணினி ஒன்று. இரண்டிலும் ஒரே மலை, ஒரே ஏரி. சின்னதில் அந்த மலை யாரோ அனுப்பிய படம் போல இருந்தது, பெரியதில் ஏறிப் போகலாம் போல இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் அவள் கைப்பையை மடிமேல் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள். "சொல்றேங்க" என்றாள். அவர் பொறுமையாகத்தான் நின்றார், அவர் பொறுமையாக நிற்பதே அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

பதினைந்தரை என்றால் வீடு, இருபத்து நான்கு என்றால் கடை. இதை அவரிடம் எப்படி விளக்குவது. அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் சோபனா பத்திரிகைக் கடை வைத்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன, கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, காது குத்து, இடையிடையே கண்ணீர் அஞ்சலியும் உண்டு, எல்லாவற்றையும் கணினியில் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவாள். போன வாரம் பழைய கணினி நின்றுவிட்டது, பழுது பார்த்தவர் இனி உயிர் வராது என்று கையை விரித்துவிட்டார். அதே வாரத்தில் கட்டடத்தின் சொந்தக்காரர், கடையைத் தொடர்ந்து வைத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள் என்று மரியாதையாகவே கேட்டிருந்தார். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி மாதேஸ்வரன்தான் வழி சொன்னவன். "நீ எதுக்குக்கா கடையில போயி ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்துக்கிற, ஒரு லேப்டாப் வாங்கிக்க, வூட்டுல கட்டில்லயே உக்காந்து செஞ்சிக்கலாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான், அதில் சந்தேகமில்லை, அக்கா தனியாளாக இருக்கிறாளே, வெயிலில் போய் வருகிறாளே என்ற கரிசனம் அது. ஆனால் வீடு என்று அவன் சொன்ன அந்த ஒற்றை அறையில், மடிக்கணினியை மூடிவைத்த பிறகு அவள் என்ன செய்வாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை... கடை என்றால் காலையில் தலைசீவிக் கிளம்ப வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், டீக்காரர் "வந்துட்டீங்களா" என்று கேட்பார், ஆமாங்க என்று சொல்ல வேண்டும். அந்த ஆமாங்க போய்விட்டால் ஒரு நாளில் அவள் குரலைக் கேட்பவர் யார். போன மாதம் ஒரு சாயங்காலம் கைபேசி ஒலித்தபோது ஹலோ என்றாள், தொண்டை கட்டிக்கொண்டு அது வேறு யாரோ பேசுவது போல வந்தது, அன்றைக்கு அதுதான் அவளுடைய இரண்டாவது சொல் என்று பிறகுதான் உறைத்தது.

முன்பெல்லாம் அப்படியா இருந்தது... பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் பேர் படிக்க வேண்டும், அது அந்தப் பக்கத்து வழக்கம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதாது, பங்காளிகள், சம்பந்தி வீட்டார், தாய்மாமன் என்று எல்லாத் தரப்பும் வந்து திரைக்கு முன்னால் கூடிக்கொள்ளும், ஒருவர் மேலிருந்து கீழாகப் பேர்களைச் சத்தமாகப் படிப்பார், அவரவர் தம் பேரைத் தம் காதால் கேட்ட பிறகுதான் தலையசைப்பார்கள். சோபனா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், கூட்டம் முழுவதும் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். பிடரியில் மூச்சுக் காற்று படும், வெற்றிலை வாசனை, பேருந்துப் புழுதி, குழந்தையின் தலையில் வைத்த எண்ணெய், தோளுக்கு மேலே ஏதேதோ விரல்கள் நீண்டு வந்து கண்ணாடியைத் தொடும், இதை மேலே ஏத்துங்க, இதைக் கீழே எறக்குங்க. மாது என்று ஒரு பெரியப்பா, பாப்பாரப்பட்டிக்காரர், தன் பேர் மூன்றாவதாக இருப்பதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் மூணாவது பந்தியிலயே வந்து சாப்பிட்டுக்கறேன், ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்ல, கூட்டமே சிரிக்க, அவளும் திரையைப் பார்த்தபடியே சிரித்துக்கொண்டு அவர் பேரை ஒரு வரி மேலே ஏற்ற, அதனால் ஒரு வரி கீழே இறங்கிப்போன இன்னொருவர் இருமத் தொடங்க... எவ்வளவு சத்தம். நஞ்சம்மாள் என்ற அம்மா ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், "எம் பேரு எந்த எடத்துல இருக்குது சோபனா, காட்டு" என்று கேட்டபோது அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின் மேல் வைத்தாள், அவர் சூடு பார்ப்பவரைப் போல மெல்லத் தொட்டுப் பார்த்து, "இத்தனை சின்னதா" என்றார், பிறகு, "இருக்கட்டும், இருக்குது இல்ல" என்றார். எல்லோரும் போன பிறகு கண்ணாடியெங்கும் விரல் தடம் இருக்கும், மஞ்சள் கறை கூட இருக்கும், பழைய துணியால் துடைப்பாள், துடைக்கும்போது முணுமுணுத்துக்கொள்வாள். முணுமுணுத்தாளே, அதை இப்போது நினைத்தால்...

இப்போது படம் எடுத்து அனுப்புகிறார்கள், தாளில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், அவள் வடிவமைத்ததைப் படமாகத் திருப்பி அனுப்புகிறாள், மறுபக்கத்திலிருந்து ஓகே என்று வருகிறது, அதனுடன் ஒரு கட்டைவிரல். அச்சான கட்டுகள் பேருந்தில் ஏறிப் போகின்றன. பத்திரிகையில் இருக்கும் அத்தனை பேரில் ஒருவரையும் அவள் பார்ப்பதில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, வயலை விட்டுவிட்டு, கூலியை விட்டுவிட்டு ஒரு மத்தியானத்தைச் செலவழித்து எதற்காக வர வேண்டும். அப்படியானால் இருபத்து நான்கு அங்குலம் யாருக்கு, இல்லாத கூட்டத்துக்கா...

"ஏதாவது டிசைன் கொண்டாந்திருக்கறீங்களா, போட்டுப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிரும்" என்றார் குப்புராஜ். பென்டிரைவை எடுத்துக் கொடுத்தாள். பழைய கணினி நிற்பதற்கு முந்தின நாள் முடித்த பத்திரிகை அதில் இருந்தது, முனிராஜ் என்பவருடைய மகள் மலர்விழிக்குக் கல்யாணம், அவரும் படத்தைப் பார்த்து ஓகே போட்டுவிட்டார், இன்று சாயங்காலம் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியது. குப்புராஜ் அதை முதலில் மடிக்கணினியில் திறந்தார். முழுப் பத்திரிகையும் தெரிந்தது, ஆனால் பேர்கள் எறும்பு வரிசையாக இருந்தன. பெரிதாக்கினார், பிள்ளையாரும் மணமக்கள் பேரும் அழகாகத் தெரிந்தன, கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. இப்படித்தானே அவரவர் கைபேசியிலும் பார்ப்பார்கள், மேல்பாதியைப் பார்த்துவிட்டு மகிழ்ந்து ஓகே போடுவார்கள், அதில் தவறென்ன, கல்யாணப் பெண்ணின் பேர் மேலேதானே இருக்கிறது. பிறகு பெரிய திரையில் திறந்தார். தலை முதல் கால் வரை மொத்தப் பத்திரிகையும், கண்ணை இடுக்காமல் படிக்கிற எழுத்தில் விரிந்து நின்றது. நிம்மதியாக இருந்தது, நிம்மதியாக இருப்பதால் மட்டும் வாங்கிவிட முடியுமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிடரியில் மூச்சுக் காற்று பட்டது. யாரோ ஓர் அம்மா, மகளுடன் எதையோ வாங்க வந்தவராக இருக்க வேண்டும், பின்னால் வந்து நின்று பத்திரிகையைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டார். யாருடைய கல்யாணம் என்று அவருக்குத் தெரியாது, இருந்தாலும் மேலிருந்து கீழாக ஒரு பேர் விடாமல் படித்தார். சோபனா அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கழுத்து மயிர் சிலிர்த்தது, அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அந்தக் குரல் கடைசி வரிக்கு வந்து நின்றது. தோளுக்கு மேலாக ஒரு விரல் நீண்டு கண்ணாடியைத் தொட்டது.

"ஏம்மா, பொண்ணுக்குத் தாய்மாமனே இல்லீங்களா? பேரையே காணோம்."

இல்லையா... சோபனா மறுபடியும் படித்தாள். பெரியப்பா இருக்கிறார், சித்தப்பாக்கள் இருக்கிறார்கள், அத்தை வீட்டார் வரிசையாக இருக்கிறார்கள், தாய்மாமன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூங்கொத்துதான் இருந்தது. அவளே போட்ட பூங்கொத்து. இடம் காலியாக இருக்கிறதே என்று அழகுக்குப் போட்டாள், காலியாக ஏன் இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. "எங்க சனத்துல இப்பிடிப் போட்டிருந்தா மாமன் வாசல்படிகூட மிதிச்சிருக்க மாட்டான்" என்று அந்தக் குரல் பின்னால் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. நன்றி சொல்ல வேண்டும், முதலில் முனிராஜைக் கூப்பிட வேண்டும், கைபேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள். அவர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னாள். "எம் மச்சான் நவநீதனுங்க... தாளுல கடைசியில எழுதி இருந்தேனே, போட்டோவுல வரலீங்களா" என்றார். வரவில்லை, தாளின் அடிப்பகுதி படத்துக்கு வெளியே நின்றுவிட்டது போலிருக்கிறது. தப்பு என்னோடதுதாங்க, நான் கேட்டிருக்கணும் என்று அவள் சொல்ல, இல்லைங்க நானும் முழுசாப் பாக்கலீங்க என்று அவர் சொல்ல, இருவரும் மாறிமாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இந்த மச்சானும் நானும் இப்போதுதான் ஒரு வருடப் பேச்சில்லாமல் இருந்து கூடியிருக்கிறோம், இது மட்டும் அச்சாகியிருந்தால் அவ்வளவுதான் என்று அவர் சொன்னபோது குரல் தழைந்திருந்தது. அப்போது சோபனாவுக்கு ஒரு துணிச்சல் வந்தது, எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"ஒரு நாள் எல்லாரும் கடைக்கு வந்து பேர் படிச்சுப் பாத்துட்டுப் போனீங்கன்னா நல்லாருக்குங்க. உங்க மச்சானையும் கூட்டிக்கிட்டு வாங்களேன்."

"அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்றார் முனிராஜ். "திருத்திட்டு வாட்ஸாப்புல அனுப்பிடுங்க. இந்த வாட்டி கடைசி வரைக்கும் பாத்துட்டே ஓகே போட்டுர்றேன்."

சரிங்க என்றாள். சரிங்க என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும், சிரமமில்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்வதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது. குப்புராஜ் இதற்குள் திரையை அணைத்து, பின்பக்கத்து வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கறுத்த கண்ணாடியில் அவள் முகம் இருந்தது, அதற்கு மேலே அந்த அம்மா தொட்ட விரல் தடம் வெளிச்சத்தில் தெரிந்தது, இன்னும் பின்னால், படிக்கட்டுப் பக்கம் ஒரு புடவை மெதுவாக நகர்ந்துபோவதும் தெரிந்தது. நன்றி சொல்லவில்லையே. திரும்பினால் போதும், கூப்பிட்டுவிடலாம்... கண்ணாடியிலேயே அந்தப் புடவை ஓரம் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அரூரிலும் இப்படித்தானே, மின்சாரம் நின்றபோதெல்லாம் கறுத்த திரையில் பின்னால் நிற்பவர்கள் மங்கலாகத் தெரிவார்கள், அதில்தான் அவர்களைப் பார்த்திருக்கிறாள், மாதுப் பெரியப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று இப்போது கேட்டால் அவளால் சொல்ல முடியாது, குரலைச் சொல்வாள், விரல் நகத்தைச் சொல்வாள். "பெருசையே எடுத்துக்கறேங்க" என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னாள். யார் வருவார்கள் என்று தெரியாது, ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"நல்லதுங்க" என்று குப்புராஜ் மகிழ்ச்சியோடு பெட்டியை இறக்கப் போனவர், பாதியில் நின்றார். "பாக்கறவங்க எவ்வளவு தள்ளி உக்காருவாங்க மேடம்? அதைப் பொறுத்துத்தான் ஸ்டாண்டு உயரம் வெக்கணும்."

"உக்கார மாட்டாங்கங்க, நின்னுக்கிட்டுதான் பாப்பாங்க."

"ரொம்ப நேரம் ஆகாதுங்களா?"

"ஆகுங்க. சில நாளு மத்தியானம் முழுக்கக் கூட ஆகும்."

"அத்தினி நேரமும் நின்னுக்கிட்டேவா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், கேட்டுவிட்டுப் பெட்டியின் பக்கம் திரும்பியும் விட்டார். சோபனா தன் கடையை மனத்துக்குள் ஒரு முறை சுற்றி வந்தாள், மேசை இருக்கிறது, அச்சுப்பொறி இருக்கிறது, மாதிரிப் பத்திரிகைகள் அடுக்கிய அலமாரி இருக்கிறது, சுவரில் காலண்டர் இருக்கிறது, மெத்தை வைத்த சுழல் நாற்காலி இருக்கிறது, அது அவளுடையது, அப்புறம்... அப்புறம் என்ன இருக்கிறது, கதவோரத்தில் குடை மாட்டும் ஆணி. இத்தனை வருடமும் உட்கார இடம் உண்டா என்று யாரும் கேட்கவில்லையே, ஒருவேளை கேட்டிருப்பார்களோ, திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் காதில் விழவில்லையோ, நஞ்சம்மாள் அன்றைக்குப் போகும்வரை மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே நின்றார், அது ஆசையால் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்... குப்புராஜ் பெட்டியைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் உடனே எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை. வருகிறவர்களுக்காகவே போட்டுவைத்திருந்த அந்த நாற்காலியின் கையை மெல்லத் தடவிப் பார்த்தபடி இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.