மூன்றாவது வளைவில் காய்ந்த துண்டுகள்

அருண்ராஜ் துவைத்த துண்டில் தண்ணீர் ஒட்டாது. இலைமேல் விழுந்த மாதிரி உருண்டு ஓடிவிடும். இதை முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி சரிதாதான். ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள் முகத்தைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தாள்.

"இன்னாங்க இது, தண்ணி என்னை வுட்டுப் போவமாட்டேங்குது. இந்தக் கன்னத்துல இருந்தத அந்தக் கன்னத்துக்குக் கூட்டிட்டுப் போவுது. அவ்ளோதான் இந்தத் துண்டு பண்ற வேலை."

அருண்ராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலூர் ஷோபனா மேடம் புதூர்நாட்டில் கட்டியிருந்த நாலு அறை வீட்டைக் கவனித்துக்கொள்ள, போன ஆடியில்தான் இருவரும் சந்தவாசலிலிருந்து மலை ஏறி வந்திருந்தார்கள். மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சனி, ஞாயிறுகளில் அங்கே தங்குவார்கள். சமையல் சரிதாவுக்கு, துணி வெளுப்பது அருண்ராஜுக்கு என்று வந்த அன்றைக்கே பிரித்துக்கொண்டாயிற்று. சாம்பாரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. துண்டைப் பற்றி அவள் பேசியது எல்லை மீறல் என்றே நினைத்தான்.

ஆனால் ஒரு வியாழக்கிழமை மேடமே போன் செய்தார்.

"அருண், தங்கிட்டுப் போன மூணு பார்ட்டி நெட்டுல எழுதிட்டாங்க. ரூம் நல்லா இருக்காம், சாப்பாடு நல்லா இருக்காம். துண்டுதான் துடைக்க மாட்டேங்குதாம். ஒருத்தர், மழையில நனைஞ்ச நாய் வாசனைன்னு எழுதியிருக்கார். நான் நாய் வளர்க்கிறவ. அது என்ன வாசனைன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"மேடம், பவுடர் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டு..."

"இந்தச் சனிக்கிழமை யாருக்கும் ரூம் குடுக்கல. ஞாயித்துக்கிழமை காலையில நானே வர்றேன். அங்கேயே குளிச்சு, அந்தத் துண்டுலயே தலை துவட்டிப் பாக்குறேன். இதே கதைன்னா தை மாசத்துல இருந்து வேற ஆள் வெச்சுக்கிறேன். தப்பா நெனைக்காதே."

வேறு ஆள் வந்தால் இவர்கள் எங்கே போவார்கள் என்பதில் குழப்பமே இல்லை. சந்தவாசலில் சரிதாவின் அண்ணன் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அங்கே அருண்ராஜ் ஏற்கெனவே இரண்டு வருஷம் பொட்டலம் கட்டியவன். 'மாப்ளே, உளுந்தை எடு. மாப்ளே, அந்த ஏணிமேல ஏறு. மாப்ளே, நின்னுகிட்டே தூங்குறியா' என்று நாளுக்கு இருநூறு 'மாப்ளே' கேட்டுவிட்டு மலைக்கு ஓடிவந்தவன். இங்கே அவனை அப்படி ஏவுவதற்கு ஆளில்லை. வேலை முடிந்தால் தண்ணீர் எந்தப் பாறையில் கசிகிறது, பலா எந்தக் கிளையில் காய்க்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கலாம். இந்த மலையை விட்டு இறங்க அவனுக்கு மனமில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் அருண்ராஜ், தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தான். வழக்கமாக வாளிக்கு இரண்டு கைப்பிடி சோப்புத்தூள் போடுகிறவன், மூன்றாகப் போட்டான். கடைசி அலசலில் ஊற்றும் வாசனை லிக்விடையும் ஒரு மூடிக்குப் பதில் மூன்று மூடி ஊற்றினான். நுரை வாளியைத் தாண்டி, துவைக்கும் கல்லைத் தாண்டி, வாய்க்காலில் இறங்கி நடந்து போயிற்று.

அரைமணி கழித்துக் கீழ்க் கொல்லையிலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியம்மாளின் குரல் வந்தது. வாய்க்கால் தண்ணீர் அவள் கொல்லை வழியாகத்தான் போகிறது.

"தம்பி! பாலு பொங்க வெக்கிறியா? எங்களுக்கும் ஒரு டம்ளர் குடுக்கக் கூடாதா?"

"இன்னாக்கா ஆச்சு?"

"வந்து பாரு. எங்க ஆடு தண்ணியில வாயை வெச்சிட்டு வெள்ளத் தாடியோட நிக்குது. சாமியாரு மாரி இருக்குது. புருசனுக்கே அடையாளம் தெரியல, கெடா தூரமாப் போய் நிக்குது."

"கடைசி அலசுதான்கா. நாலு தபா அலசிட்டேன்."

"நாலு தபா அலசினவன் வூட்டுலருந்து இன்னும் எப்பிடி தம்பி நுரை வருது?" என்று கேட்டுவிட்டு அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அருண்ராஜுக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரு விஷயம் ஏன் அப்படி நடக்கிறது என்று தோன்றிவிட்டால் சோறு இறங்காது. அலமாரியில் மடித்து வைத்திருந்த, போன வாரமே துவைத்துக் காயவைத்த துண்டு ஒன்றை எடுத்தான். வெறும் தண்ணீரில் முக்கினான். சோப்பு ஒரு துளியும் போடவில்லை. கசக்கினான்.

நுரைத்தது! சும்மா இல்லை, ஷேவிங் செய்கிற அளவுக்கு.

துவைத்த துண்டுக்குள் சோப்பு குடியிருக்கிறது. அது ஏன் போகவில்லை? இதே இரண்டு கைப்பிடிதானே சந்தவாசலில் அம்மா காலத்திலிருந்து போடுகிறோம்? அங்கே இரண்டு போட்டாலும் நுரை வருவதற்குள் கை வலித்துவிடுமே?

அந்த நேரம் பார்த்து, மலைக்குச் சாமான் ஏற்றி இறக்கும் காசி ஜீப்பை வாசலில் நிறுத்தினான். முந்தின நாள் சந்தவாசலுக்குப் புளி ஏற்றிப்போய்த் திரும்பியவன். மளிகைச் சாமானை இறக்கிவிட்டு, பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்க்கப் போனான்.

"காசி, அது எந்தூரு தண்ணி?"

"எங்க அத்தை வூட்டு போர் தண்ணி. சந்தவாசல். ஏன்?"

அருண்ராஜ் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். வேறொரு காலி பாட்டிலில் மலைச் சுனைத் தண்ணீரைப் பிடித்தான். இரண்டிலும் அதே சிட்டிகை சோப்புத்தூள் போட்டு, மூடி, குலுக்கினான். சுனைத் தண்ணீர் கழுத்துவரை நுரைத்தது. காசியின் தண்ணீரில் நுரை மேலாக எட்டிப் பார்த்து, உடனே சுருங்கி அடங்கிப்போனது.

"டேய், அது நான் குடிக்க வெச்சிருந்த தண்ணிடா!"

"பாரு காசி, இதைப் பாரு! நம்மூரு தண்ணியில சுண்ணாம்பு கலந்திருக்குது. போட்ற சோப்புல பாதிய அதுவே முழுங்கிடுது. அதனால ரெண்டு கைப்பிடி போட்டாத்தான் மிச்சம் துணிக்குக் கெடைக்கும். இங்க சுனைத் தண்ணியில முழுங்க ஆளே இல்ல! போட்டது அத்தனையும் துண்டுலயே தங்கிடுது. துண்டுல பாரு, பொடிப்பொடியா நூல் வளையம் நிக்குதா? அதுங்கதான் தண்ணியக் குடிக்கிற வாய். நான் அந்த வாயையெல்லாம் சோப்பால அடைச்சி, அதுமேல வாசனை லிக்விடப் பூசி சீல் வெச்சிட்டேன். அப்புறம் அது எங்க குடிக்கும்?"

"நான் எங்க குடிப்பேன்? அதைச் சொல்லு மொதல்ல" என்றான் காசி.

சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு சரிதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்மூருல பருப்புக்கு எத்தினி விசில் வெப்பேன்?"

"ஆறு."

"இங்க?"

அருண்ராஜ் விரலை மடக்கிப் பார்த்தான். குக்கர் சத்தத்தை அவன் எண்ணியதில்லை.

"மூணு. வந்த மொத வாரமே குறைச்சிட்டேன். ஆறு வெச்சா கூழாப் போவுது. தண்ணி வேறன்னு எனக்கு ஆடி மாசமே தெரியும். உங்களுக்கு மார்கழி ஆவணுமா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"துணி உங்க இலாகா ஆச்சே. நான் தலையிட முடியுமா?"

சனிக்கிழமை விடியற்காலையிலேயே அண்டாவில் வெந்நீர் போட்டான். பதினாறு துண்டுகள். சோப்புத்தூள் டப்பாவை சரிதா தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். கண்ணில் பட்டால் அவன் கை சும்மா இருக்காது என்றாள். வெறும் வெந்நீரில் முக்கி, கசக்கி, வடித்தான். முதல் தண்ணீர் கஞ்சி மாதிரி வந்தது. இரண்டாவதிலும் நுரைதான். மூன்றாவதில் குமிழிகள் எண்ணுகிற அளவுக்குக் குறைந்தன. நாலாவதில் வாளியின் அடி தெரிந்தது. இந்த முறை தண்ணீரை வாய்க்காலில் விடாமல் வாளி வாளியாகச் சுமந்து வேலியோரம் கொட்டினான். ஆட்டின் மானம் முக்கியம்.

பிழியும்போது முறுக்கவில்லை. முறுக்கினால் நூல் வளையங்கள் படுத்துவிடும் என்று மடித்து அழுத்தித்தான் பிழிந்தான். பிறகு ஒவ்வொன்றாக இரண்டு முனையைப் பிடித்து, படார் படாரென்று உதறினான். உதறினால் படுத்த வளையம் எழுந்து நிற்கும். பத்தாவது துண்டை உதறும்போது தெளித்த தண்ணீர் சரிதாவின் மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் கொடியைக் காணோம். மூடுபனி இறங்கியிருந்தது. மார்கழிப் பனி லேசில் போகாது.

"அடுப்பு மேல கட்டலாமா?" என்றாள் சரிதா.

"புகை வாசனை ஏறிடும். அதுவும் இல்லாம, மேலாப்ல காஞ்ச மாரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும். அந்த ஈரந்தான் நாளைக்கு நாயா குரைக்கும். துண்டு காய வெயில் கூட அப்புறம்தான், காத்து ஓடணும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் நுழையற மாரி காத்து ஓடணும்."

"அந்தக் காத்து எங்க இருக்குதுன்னும் சொல்லிடுங்க."

இடத்தைச் சொன்னது, அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கிய காசி. "மூணாவது வளைவுல வெயிலு காயுது. இப்பத்தான் ஏறி வந்தேன். பனி எல்லாம் மேலயே உக்காந்துகினு இருக்குது. கீழ பளிச்சின்னு இருக்குது."

பதினாறு துண்டையும் அன்னக்கூடையில் அள்ளி ஜீப்பில் போட்டுக்கொண்டு மூவரும் இறங்கினார்கள். காசி சொன்னபடி, பனி ஒரு கோடு போட்டாற்போல நாலாவது வளைவோடு நின்றிருந்தது. மூன்றாவதில் வெயிலும், பள்ளத்திலிருந்து மேலே அடிக்கும் காற்றும். ஓரத்துத் தடுப்புக் கல்லை விட்டு உள்ளே, இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டினார்கள். துண்டுகளை இரண்டாக மடித்துப் போடாமல், ஒரு விளிம்பை மட்டும் கயிற்றில் மடக்கி க்ளிப் போட்டுத் தொங்கவிட்டான் அருண்ராஜ். பதினாறும் காற்றில் கிளம்பிப் பறந்தன.

கால்மணி ஆகவில்லை. ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஓர் அம்மாள் கேட்டார்: "டவல் என்ன விலைப்பா?"

"விக்கிறது இல்லீங்க. காயப் போட்டிருக்கோம்."

"காயப் போடவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" அந்த அம்மாள் நம்பவில்லை. "சரி, ஜோடி என்ன விலைன்னு சொல்லு."

அடுத்து திருப்பத்தூர் பஸ் வேகம் குறைந்தது. ஜன்னல்கள் எல்லாம் தலைகளாயின. "இன்னா தம்பி, புதுக்கடையா?" என்றார் ஒருவர். "மலைத் துண்டுங்க! சுனைத் தண்ணியில துவைச்சது, கைபடாதது!" என்று காசி கூவினான். சரிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அருண்ராஜ் மட்டும் விடவில்லை. கேட்ட எல்லோருக்கும் கடின நீருக்கும் மென்னீருக்கும் உள்ள வித்தியாசத்தை நின்று விளக்கினான். பாதி விளக்கத்தில் பஸ் கிளம்பிவிட்டது.

நடுவில் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி உதறித் திருப்பிப் போட்டான். மத்தியானம் காசி ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிட்ச்சு, எடு போலாம்" என்றான்.

"நடுவுல தொட்டா எப்பிடி? ஓரத்துல தச்ச கரையத் தொடு. அங்க துணி மடிஞ்சி தடிப்பா இருக்கும். கடைசியா காயறது அதுதான்."

சரிதா கரையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தார்கள்.

ஞாயிறு எட்டு மணிக்குக் காசியின் ஜீப்பில் ஷோபனா மேடம் வந்தார். வணக்கம் சொன்னதோடு சரி, நேராகக் குளியலறைக்குப் போனார். மூன்று பேரும் பின்கட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே தண்ணீர் விழுந்தது, நின்றது. பிறகு சத்தமே இல்லை.

"துடைக்கிறாங்க" என்றான் அருண்ராஜ் கிசுகிசுப்பாக.

"நல்லவேளை சொன்னீங்க, நாங்க தூங்குறாங்கன்னு நெனச்சோம்" என்றாள் சரிதா.

மேடம் தலையில் துண்டைக் கொண்டையாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். பொங்கல் கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். அறைகளைப் பார்த்தார், பலா மரத்தைப் பார்த்தார், நாயைப் பற்றி ஒரு கதை சொன்னார். துண்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. அருண்ராஜால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், இந்த சுனைத் தண்ணியில ஒரு விசேஷம் இருக்குது. சந்தவாசல் தண்ணியில சுண்ணாம்பு..."

"அருண்," என்றார் மேடம், "தைக்கு அப்புறமும் நீங்க ரெண்டு பேருமே இருங்க. சுண்ணாம்பெல்லாம் அடுத்த தடவை வர்றப்ப சொல்லு. பதினொரு மணிக்கு எனக்கு வேலூர்ல ஒரு கல்யாணம்."

அவசரமாகக் காசியின் ஜீப்பில் ஏறினார். வண்டி கிளம்பித் திரும்பும்போதுதான் சரிதா கவனித்தாள். மேடத்தின் தலையில் துண்டு அப்படியே இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தவளின் கையைப் பிடித்தான் அருண்ராஜ்.

"வுடு. தலையில இருக்குறதே தெரியலன்னா, அது எவ்ளோ நல்லா ஈரத்த இழுத்திருக்குதுன்னு பாரு!"

"கல்யாணத்துல பாக்கட்டும் எல்லாரும்" என்றாள் சரிதா. "மத்தியானம் நாலு ரூமுக்கும் ஆள் வர்றாங்க. ஒரு துண்டு குறையுது. உங்களோடத வெளுத்துக் குடுங்க. பவுடர் ஒரு ஸ்பூன்தான். பரண்மேல இருந்து நானே அளந்து எடுத்துத் தர்றேன்."

அருண்ராஜ் அண்டாவை நோக்கி நடந்தான்.