தொலைக்காட்சியில் நான்கு விநாடி

ஒலாரியா என்ற பேட்டையில் ரயில் தடத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த நடனக்கூடத்தில் நொயெமியாவும் வால்டெமிரும் பத்தொன்பது வருஷமாக ஞாயிறு பிற்பகல்தோறும் சாம்பா ஆடிவந்தார்கள். இறகு கட்டிக்கொண்டு தெருவில் ஆடுகிற சாம்பா இல்லை. ஜோடியாக அணைத்து, கூடத்தை வலம் வந்து ஆடுவது. அவள் அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவள். அவர் தையல்காரர், பெண்டாட்டியை இழந்தவர். முதலில் அக்கம்பக்கம் ஏதேதோ பேசிப் பார்த்தது. நொயெமியாவின் புருஷனே அவளுடைய நடனச் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக் கொடுப்பதைக் கண்டபின் ஓய்ந்துவிட்டது.

கடைசி ஐந்து வருஷமாக ஒரு ரகசியம் இருந்தது. கண்நோயால் வால்டெமிருக்குப் பக்கப்பார்வை போய்விட்டது. ஊசியில் நூல் கோப்பார். தோளருகே வரும் ஆள் தெரியமாட்டான். அவருடைய தோள்மேல் கிடக்கும் இடது கையால் நொயெமியா வழி சொல்வாள். லேசாக ஒரு அழுத்தம், அவர் திரும்புவார். பார்க்கிறவர்களுக்கு அவர்தான் அவளை நடத்துவதாகத் தோன்றும். யாரிடமும் சொல்லாதே என்று ஒரே ஒருமுறை கேட்டிருந்தார். அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்த நடனத்தைப் படமெடுக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் லொரேனா என்ற பெண் ஆறு ஞாயிறு வந்தாள். நொயெமியா வீட்டில் கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கேமரா முன்னால் நொயெமியா இரண்டு மணி நேரம் பேசினாள்: ஆண் கேட்பான், பெண் பதில் சொல்வாள், அவள் தாமதித்தால் அவன் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பில்தான் ஆட்டமே இருக்கிறது என்று. நீங்கள் மட்டும் யார்மேலும் இடிப்பதே இல்லையே, எப்படி என்று லொரேனா கேட்டபோது, பழக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

நிகழ்ச்சியைக் கூடத்திலேயே பெரிய திரை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கூடத்துப் படியே ஏறாத இளசுகள் மினுமினுக்கும் துணியில் ஆடினார்கள். கேமரா தொடையை விட்டு ஏறவே இல்லை. ஒருவன் ஒருத்தியை முடியைப் பிடித்து இழுத்தான். மோகமும் அதிகாரமும் கலந்த நடனம் என்றது ஒரு கனத்த குரல். நொயெமியா நான்கு விநாடி வந்தாள், முதுகு மட்டும். பெயர் போடவில்லை.

அதைக்கூட அவள் சிரித்துத் தள்ளியிருப்பாள். அடுத்ததாக வால்டெமிரின் முகம் வந்தது. "பொம்பளைக்கு இதுல வேலையே இல்லை. நான் இழுத்த இழுப்புக்கு வந்தா போதும். எவளைக் குடுத்தாலும் ஒரே மத்தியானத்துல ஆட வெச்சிருவேன்."

கூடம் சீட்டியடித்தது. வால்டெமிரும் சிரித்தார்.

படிக்கட்டில் அவரை நிறுத்தினாள். "நீயா சொன்னே?"

"அந்தப் பொண்ணு அப்படிக் கேட்டாம்மா. டிவிக்குன்னா கொஞ்சம் காரமா இருக்கணுமாம். மூணு தடவை எடுத்தாங்க."

"மூணு தடவையும் சொன்னியா?"

அவர் கைப்பிடிச்சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். "வெறும் பேச்சுதானே. உனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான் கேக்கறேன்."

அவள் பஸ் பிடித்துப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு டிவி பார்த்துவிட்டு வந்த புதுக்கூட்டம் கூடத்தை அடைத்திருந்தது. வெள்ளைச் சூட்டில் வந்து வால்டெமிர் கை நீட்டினார். இந்தப் பாட்டு க்ளோதோவால்டோவோடு ஆடுவதாகச் சொல்லியாயிற்று என்றாள் நொயெமியா. க்ளோதோவால்டோ பஸ் ஓட்டுநர், ஆட்டத்தில் சுமார்தான். வால்டெமிர் ரோஷத்தோடு திரும்பி, தன்னைப் பார்க்கவே வந்திருந்த ஒரு இளம்பெண்ணை அழைத்துக்கொண்டார்.

பாதிப் பாட்டில் ஒரு ஜோடிமேல் மோதினார். பிறகு மேஜை விளிம்பில். பிறகு எல்லோரும் சுற்றும் திசைக்கு எதிராக, கைகளை விரித்தபடி நின்றுவிட்டார். நொயெமியாவின் இடது கை தன்னையறியாமல் அழுந்தியது. ஏன் என்று தெரியாமலே க்ளோதோவால்டோ திரும்பினான்.

அவனை விட்டுவிட்டுப் போய், வால்டெமிரை முழங்கையில் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"குடிச்சிருக்காரா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. தரைக்கு இன்னைக்கு ரொம்ப மெழுகு போட்டுட்டாங்க, வழுக்குது."

வால்டெமிர் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "அடுத்த பாட்டு ஆடலாமா?" என்றார் மெதுவாக.

"வேண்டாம்." அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு ஞாயிறு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் வரவில்லை. அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். க்ளோதோவால்டோ அவள் காலை மிதிப்பான். மிதித்தால் மன்னிப்பும் கேட்பான்.

ஒருநாள் மருத்துவமனையில் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது லொரேனாவிடமிருந்து செய்தி வந்தது. இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம், வீட்டுக்கு வரலாமா என்று. நொயெமியா படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள்.